வரப்பில் எள் விதைத்தவன் கொலை செய்தானா?



சென்ற மாசிப் பௌர்ணமியன்று நம் சங்கக் கூடத்தில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தபின், வழக்கம்போல் ஐயம் வினவுவோர்க்கு இடம் விட்டிருந்தோம். பங்காருப்பேட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வரும் உபாசகர் ஒருவர் எழுந்தார். ஒன்றரை ஏக்கர் நிலத்தில் கிணற்றுப் பாசனத்தால் தக்காளியும், மழையை நம்பிக் கேழ்வரகும் பயிரிடுபவர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். அவர் கேட்டதாவது:

"ஐயா, காலையில் எழுந்து உயிர்க்கொலை செய்யேன் என்று சீலம் எடுக்கிறேன். எடுத்த வாய் மூடுவதற்குள் மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறேன். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் உயிர் என் கையால் சாகின்றன என்று எனக்கே கணக்குத் தெரியாது. நான் சொல்வது பொய்யா, செய்வது பாவமா? இரண்டில் ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்."

கூடத்தில் இருந்தோர் ஆளுக்கொரு விடை கூறினர். "பூச்சி உழவனுக்குப் பகை, பகையை அழித்தல் குற்றமன்று" என்றார் ஒருவர். "அப்படியாயின் உழவை விட்டுவிடு, சீலம் பெரிதா, தக்காளி பெரிதா?" என்றார் மற்றொருவர், அவர் அரசாங்க ஓய்வூதியம் பெறுபவர். இரண்டு விடையும் எனக்கு உவப்பாக இல்லை. முன்னது சீலத்தை வெறும் ஓசையாக்கி விடுகிறது. பின்னது, சோறு உண்பவன் சோறு விளைப்பவனை நோக்கிக் கூறத் தகாத சொல். ஆயினும் இவ்விரண்டையும் தள்ளிவிட்டு வேறு என்ன சொல்வதென்று அன்று எனக்கு விளங்கவில்லை. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். தம்ம நூல்களை இரவுப் பணி முடிந்த வேளைகளில் தட்டுத்தடுமாறிப் பயின்றவன். உழவு அறியாத மில் தொழிலாளி. "தம்பி, எனக்கு ஒரு மாதம் தவணை கொடும்" என்று கேட்டுக்கொண்டு கூட்டத்தை முடித்தேன். அந்த ஒரு மாதம் எட்டு மாதமாயிற்று. அதற்குள் நான் கண்டதையும் எண்ணியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நூல்களைப் புரட்டினேன். பகவான் உழவைத் தடுத்தாரில்லை. உழுது விதைக்கும் பாரத்துவாசனிடம் சென்று நின்றபோதும், "உன் தொழில் பாவத் தொழில், இதனை விடு" என்று அவர் கூறவில்லை, தாமும் ஒருவகை உழவரே என்று விளக்கினார். அங்குத்தர நிகாயத்தில் உபாசகன் செய்யத் தகாத ஐந்து வாணிகங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: படைக்கலம், உயிர், ஊன், கள், நஞ்சு. உழவு அவற்றில் இல்லை, நஞ்சு இருக்கிறது. "நஞ்சை விற்பதைத்தானே சொன்னார், தெளிப்பதைச் சொல்லவில்லையே" என்று வழக்கறிஞர்போல் வாதாடலாம். விற்பவனுக்கு ஆகாத பொருள் வாங்குபவனுக்கு எங்ஙனம் ஆகும்?

பிக்குகளுக்கோ விதி கடுமையானது. மண்ணைத் தோண்டலாகாது, செடியைச் சிதைக்கலாகாது. மழைக்காலத்தில் ஊர் ஊராய் நடந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் குறை கூறியதாலன்றோ மூன்று மாத வர்ஷாவாசம் ஏற்பட்டது! மண்ணைக் கிளறினால் உயிர் சாகும் என்பதைப் பகவான் நன்கறிவார். அசுவகோஷர் இயற்றிய புத்த சரிதத்தில், இளவரசராய் இருந்த காலத்திலேயே, ஏர் கிழித்த மண்ணில் சிதறிக் கிடந்த புழுக்களைக் கண்டு அவர் உள்ளம் நொந்த காட்சி வருகிறது. ஆயினும் பிக்குவின் விதியை அவர் உழவன்மேல் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் பிக்குவின் திருவோட்டில் சோறு விழுந்திராது.

போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த தம் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், இவ்விடத்தில் நமக்கொரு திறவுகோலைத் தந்துள்ளார். கொல்ல வேண்டிய தேவை வேறு. கொல்லும் விருப்பம் வேறு. கொல்லும் விருப்பம் ஒன்றுமட்டுமே நிற்கும் கொலையையே பகவான் விலக்கினார் என்பது அவர் விளக்கம். அகிம்சை கண்மூடிப் பின்பற்றும் விதியன்று; அஃது ஒரு நெறி; இடமறிந்து நடப்பதற்குரியது. இத் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்னையே கேட்டேன்: அந்த உழவருக்குத் தெளிப்பான் உண்மையில் தேவைதானா? நூல்கள் இதற்கு விடை கூறா. தோட்டந்தான் கூறவேண்டும்.

நிற்க. தோட்டத்துக்குப் போகுமுன் என் பழைய தொழிலைப்பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஏனெனில் விடையின் ஒரு பாதி அங்கேதான் எனக்குக் கிடைத்தது.

1986-இல், என் பதினெட்டாம் வயதில், பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் கார்டிங் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவ்வாண்டும் அதற்கடுத்த ஆண்டும் வந்த பஞ்சுக் கட்டுகள் சில எங்களைப் படாதபாடு படுத்தின. வலைபோல் மெல்லியதாய் இறங்கவேண்டிய பஞ்சு உருளைகளில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திச் சுரண்டி எடுப்போம், அரைமணி ஓடும், மறுபடி நிற்கும். உற்பத்தி குறைந்ததற்குத் தொழிலாளியைத்தான் ஏசினார்கள். மழை நாளில் ஒட்டல் இன்னும் மிகும். பஞ்சை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்த மேஸ்திரி, "இனிக்கிறதடா!" என்றார். பருத்திக்குள் சர்க்கரை எப்படி வந்தது? எங்களுக்கு அது விளங்காத புதிராகவே இருந்தது. கட்டுகள் ஆந்திரத்திலிருந்து வந்தவை என்பது மட்டும் தெரியும்.

ஆலை மூடப்பட்டு நெடுநாள் கழித்துத்தான், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வேளாண்மை நூலில் அதன் விடையைக் கண்டேன். வெள்ளை ஈ என்னும் சிறு பூச்சி இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, மிகுந்த சர்க்கரையைத் துளித் துளியாய்க் கழிக்கிறது. அது வெடித்த பஞ்சின்மேல் படிகிறது. 1980-களின் நடுவில் குண்டூர், பிரகாசம் மாவட்டப் பருத்திக் காடுகளில் இப்பூச்சி வெள்ளமெனப் பெருகிற்று. பெருகியதற்குக் காரணம் உழவர் மருந்து தெளிக்காமல் விட்டதன்று, மிகுதியாகத் தெளித்ததே! காய்ப்புழுவைக் கொல்ல அக்காலத்தில் புதிதாய் வந்த மருந்துகளை மேன்மேலும் தெளித்தார்கள். வெள்ளை ஈயை உண்டு வாழ்ந்த பொறிவண்டும், கண்ணாடி இறக்கைப் பூச்சியும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு குளவிகளும் மாண்டன. இலைக்கு அடியில் ஒளிந்திருந்த வெள்ளை ஈயோ பெரும்பாலும் தப்பிற்று. காவலரைக் கொன்று கள்வரை வாழவிட்ட கதையாக முடிந்தது. ஒரு பகைக்கு அடித்த நஞ்சு வேறொரு பகையைப் பெற்றெடுத்தது, அதற்கு மேலும் நஞ்சு அடித்தார்கள், கடன் வளர்ந்தது, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலேயே பருத்தி உழவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் ஆந்திரத்திலிருந்து வரத்தொடங்கின. என் உருளையில் ஒட்டிய இனிப்பு அந்தத் துயரத்தின் எச்சம் என்பதை அறியாமல் நான் அதனைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

இது ஏன் இப்படி நிகழ்கிறது என்று எளிதில் சொல்லிவிடலாம். பயிரைத் தின்னும் பூச்சிக்கு வயல் முழுதும் உணவு. நூறில் இரண்டு பிழைத்தாலும் சில வாரங்களில் மீண்டும் பெருகிவிடும். அதனைத் தின்னும் பூச்சிக்கோ, இரை பெருகிய பின்னரே பெருக இயலும். ஆதலால் இரண்டையும் ஒருங்கே கொன்றால் முதலில் எழுவது பகையே. போதாததற்கு, பிழைத்தவை நஞ்சுக்குப் பழகியவை. அவற்றின் பிள்ளைகளும் அத்தகையவையே. 1990-களில் நம் நாட்டுப் பயிர்நிலத்தில் இருபதில் ஒரு பங்கே பிடித்த பருத்தி, நாட்டில் தெளிக்கப்பட்ட பூச்சிமருந்தில் ஏறத்தாழப் பாதியைக் குடித்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனையும் குடித்தும் காய்ப்புழு ஒழிந்ததா? ஒழியவில்லை. நஞ்சை 'மருந்து' என்று நாம் அழைத்துப் பழகியிருக்கிறோமே, அதுவே ஒரு பொய்ச்சொல் அன்றோ!

இன்னொன்று. தெளிப்பான் யார் முதுகில் ஏறுகிறது? 2017-இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவரும் கூலியாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் கிடந்தனர். யவத்மால், 1956-இல் தீக்கை நடந்த நாகபுரிக்குத் தொலைவிலுள்ள ஊரன்று. உயிர்க்கொலை என்றால் புழுவின் உயிர் மட்டும் என்று எண்ணுவோர் இதனையும் கணக்கில் சேர்க்க.

ஆகவே தேவை என்று சொல்லப்பட்டது முழுத் தேவையன்று என்பது எனக்குத் தெளிவாயிற்று. சித்திரையில் அந்த உபாசகரின் ஊருக்குச் சென்றேன். அவருடைய தாயார் எழுபது வயதைக் கடந்தவர். கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். நான் வந்த காரணத்தைக் கேட்டுச் சிரித்தார். "என் மாமியார் காலத்தில் கேழ்வரகு மட்டும் தனியே விதைத்தவர் யார், அண்ணா? அக்கடி சாலு போடுவோம். ஆறேழு சால் கேழ்வரகுக்கு ஒரு சால் அவரை, துவரை, காராமணி, கடுகு, உச்செள்ளு. ஓரத்தில் ஆமணக்கு. மருந்து என்று ஒன்று உண்டென்பதே எங்களுக்குத் தெரியாது" என்றார். கோலார்ச் சீமையில் இந்த வழக்கம் பழையது. மழை பொய்த்தாலும் ஏதேனும் ஒன்று வீட்டுக்கு வரும் என்பதற்காகச் செய்தார்கள். பூச்சியைக் காக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததில்லை. ஆயினும் அது பூச்சிகளுக்கு வீடாயிற்று. தக்காளி வந்தபின் அக்கடி சாலு போயிற்று. வரப்பும் ஒரு முழத்திலிருந்து ஒரு சாணாயிற்று. அதன்மேல் இருந்த பூண்டும் களைக்கொல்லியால் கருகிற்று.

அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் எப்படியோ தப்பிய ஒரு துண்டு வேலி இருந்தது. அங்கே நானும் அவரும் ஒரு பகல் முழுதும் குந்தியிருந்து பார்த்தோம். மில்லில் இழை அறுவதைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அதனால் சிறியவை தெரிகின்றன. பூக்கவிட்ட கொத்துமல்லியின்மேல் எறும்பைவிடச் சிறிய குளவிகள் மொய்த்தன. அவற்றின் வாய் குறுகியது. ஆழமான பூவில் தேன் எடுக்க இயலாது. கொத்துமல்லி, சோம்பு போன்ற விரிந்த சிறு பூக்களே அவற்றுக்குத் தக்கவை. தாய்க்குளவி பூந்தேனை உண்டு வாழ்ந்து, புழுவின் முட்டைக்குள்ளோ புழுவின் உடலுக்குள்ளோ தன் முட்டையை இடுகிறது. பூ இல்லாத வயலில் அது ஓரிரு நாளில் மாள்கிறது. பூ இருந்தால் பல நாள் வாழ்ந்து பல முட்டை இடுகிறது. காராமணியில் அசுவினி அடையாய் அப்பியிருந்தது. அதனை உண்ணப் பொறிவண்டும் அதன் முள்முள்ளான புழுக்களும் கூடியிருந்தன. காராமணிக்கு வரும் அசுவினி தக்காளிக்கு வந்து பெருந்தீங்கு செய்வதில்லை. ஆனால் அதனை உண்டு வளர்ந்த பொறிவண்டு தக்காளிக்குச் சென்று அங்குள்ளவற்றையும் உண்ணும். ஆமணக்கின் இலைக்காம்பில் சிறு தேன்சுரப்பிகள் இருக்கின்றன. பூக்காத காலத்திலும் அவை குளவிக்கும் எறும்புக்கும் உணவளிக்கின்றன. இத்தனை காலம் ஆமணக்கைப் பார்த்தும் நான் இதனைப் பார்த்ததில்லை.

நான் கண்டது ஒரு வேலித்துண்டு. பெரிய அளவில் இதனை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. சீனம், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில், நெல்வயல் வரப்புகளில் எள் முதலிய தேன்பூச் செடிகளை வளர்த்து நான்காண்டு சோதித்தார்கள். முடிவுகள் 2016-இல் வெளியாயின. மருந்து தெளித்தல் 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் குறையவில்லை, 5 விழுக்காடு கூடியது. எள்ளுப் பூவின் தேனை உண்ட குளவிகளும், புகையானின் முட்டையைக் குடிக்கும் பூச்சிகளுமே காரணம். இந்தோனேசியா இன்னும் முன்பே விழித்தது. மருந்து மிகுந்த இடத்தில்தான் புகையான் மிகுகிறது என்று கண்டு, 1986-இல் அந்நாட்டரசு நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடைசெய்தது. பின்னர் சாவாத் தீவின் வயல்களை ஆராய்ந்தோர் 1996-இல் ஓர் அழகிய உண்மையை வெளியிட்டனர். நாற்று நட்ட முதல் வாரங்களில் வயலில் பகைப் பூச்சி இல்லை. ஆனால் மட்கிய தழையையும் நீர்ப்பாசியையும் தின்னும் தீங்கற்ற பூச்சிகள் ஏராளம். சிலந்திகளும் வண்டுகளும் முதலில் அவற்றை உண்டே பெருகுகின்றன. பகை வரும்போது காவல் முன்பே நிறைந்திருக்கிறது. பயனற்றது, தேவையற்றது என்று நாம் தள்ளும் உயிரே காவலனுக்குச் சோறு போடுகிறது!

இதனால் களையெல்லாம் நல்லது என்று எவரும் கொள்ள வேண்டா. துத்தி பருத்திக்கு உறவு. பருத்தியைப் பிடிக்கும் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் துத்தியில் தங்கிக் காத்திருக்கும். பார்த்தீனியமும் மாவுப்பூச்சிக்கு வீடு. மனிதனுக்கும் நோய் தருவது. எதை வைப்பது, எதைப் பிடுங்குவது என்று அறிந்து செய்யவேண்டும். அன்பு இருந்தால் போதும், அறிவு வேண்டா என்பது நம் தம்மமன்று.

இனி வினாவின் மையத்துக்கு வருகிறேன். இவற்றையெல்லாம் ஆனிப் பௌர்ணமிக் கூட்டத்தில் நான் மகிழ்ந்து எடுத்துரைத்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியராகிய ஓர் உபாசகி எழுந்து என் மகிழ்ச்சியில் ஊசி குத்தினார். "ஐயா, நஞ்சால் கொல்வதை விட்டுக் குளவியால் கொல்விக்கச் சொல்கிறீர்கள். நஞ்சில் புழு ஒரு நாழிகையில் சாகும். குளவிக்குஞ்சு அதனை உயிரோடு உள்ளிருந்து பல நாள் தின்னும். எள்ளை விதைத்தவர் நெஞ்சில் என்ன இருந்தது? புழு சாகவேண்டும் என்பதுதானே? சேதனையே கர்மம் என்று நீங்களே பலமுறை போதித்திருக்கிறீர்கள். கூலிக்கு ஆள் வைத்துக் கொலை செய்தவன் குற்றமற்றவனா?"

மறுமொழி எளிதன்று. நம் உரைநூல்கள் கொலைக்கு ஐந்து உறுப்புகள் கூறும்: உயிர் இருத்தல், உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் இறத்தல். அம்முயற்சியையும் ஆறாகப் பகுக்கும்: தன் கையால் செய்வது, பிறரை ஏவுவது, எறிவது, பொறியை நிலைநாட்டுவது, மந்திரவித்தையால் செய்வது, இருத்தியால் செய்வது. குழிவெட்டி வைத்துவிட்டு வீட்டில் உறங்கினாலும், விலங்கு விழுந்து இறந்தால் வெட்டியவன் கொன்றவனே. எனவே "நான் தொடவில்லை" என்பது விடையாகாது. அந்த அம்மையாரின் கேள்வி நேர்மையானது. நான் அன்று பதில் சொல்லாமல் அமர்ந்தேன்.

பின்னர் எண்ணிப் பார்த்ததில், உழவர் செய்யும் செயல்கள் எல்லாம் ஒரே தட்டில் நிற்கவில்லை என்று கண்டேன். வரப்பில் எள்ளும் காராமணியும் வைப்பவன் ஓர் இடம் கொடுக்கிறான். குளவி அவன் ஏவலால் வருவதில்லை, வராமலும் இருக்கலாம். வந்தால் தேனும் உண்ணும், புழுவையும் தேடும், அடுத்த வயலுக்கும் போகும். அந்த இடத்தில் தேனீக்கும் உணவு, வண்ணத்துப்பூச்சிக்கும் உணவு, தீங்கற்ற நூறு உயிருக்கு உறைவிடம். புழுவும் முற்றும் அழிவதில்லை. அழிந்தால் குளவியும் பட்டினியால் போய்விடும். சிறிது புழு இருக்கவேண்டும் என்று உழவன் ஒப்புக்கொள்கிறான். எல்லாம் சாகட்டும் என்று அடிப்பவனுக்கும், சில இருக்கட்டும் என்று பொறுப்பவனுக்கும் சேதனை ஒன்றா? அல்ல. காட்டு மரம் ஒன்றை வெட்டாமல் விட்டவனை, அதில் கூடுகட்டிய பருந்து பிடித்த எலிக்கெல்லாம் கொலைகாரன் என்று எவரும் சொல்லார்.

துலுக்கச் சாமந்தி சிறிது வேறு. பெங்களூரின் எசருகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து பரப்பிய முறை இது: பல வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை சாமந்தி, சாமந்தி நாற்று 40 நாள், தக்காளி நாற்று 25 நாள் வயதுடையதாய் நட்டால் இரண்டும் ஒருங்கே பூக்கும், காய்ப்புழுவின் தாய் சாமந்தியை விரும்பி அங்கே முட்டையிடும். கோசுக்குக் கடுகு நடுவதும் அவ்வகையே. இது பொறி. பொறியில் சேர்ந்த புழுவைக் கையால் நசுக்கினால் அது கொலை, ஐயமில்லை. ஆனால் நசுக்காமல் சாமந்தியை அதற்கே விட்டுவிட்டால், அது பொறியா, பங்கா? விருந்தாளிக்கு வேறு இலை போட்டது போலன்றோ அது! இவ்விடத்தில் என் உள்ளம் பங்கு என்ற பக்கமே சாய்கிறது.

கடையில் விற்கும் முட்டைக்குளவி அட்டை இன்னும் ஒரு படி அப்பால். அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளைப் புறஊதாக் கதிரால் உயிர்நீக்கி, அவற்றில் குளவியை முட்டையிடச் செய்து, ஆயிரக்கணக்காய் அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். இது ஏவுதல், மறைக்க வேண்டுவதில்லை. 2008-இல் தமிழ்நாட்டில் தோன்றிப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க, 2010-இல் பெங்களூரிலுள்ள மத்திய நிலையத்தின் வழியாகப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவிகளைக் கொண்டுவந்து விட்டதும் ஏவுதலே. மல்பெரித் தோட்டங்களில் நஞ்சு தெளித்தால் பட்டுப்புழு சாகும் என்பதால் அக்குளவி பெரும் உதவியாயிற்று. (காப்பாற்றப்பட்ட பட்டுப்புழு பின்னர் வெந்நீரில் வேகிறது என்பது வேறொரு பௌர்ணமிக்குரிய கேள்வி.) இவை கொலையின் நிழல் படாதவை என்று நான் சொல்லேன். தேவை இருந்தால் ஒழிய ஏவலாகாது. ஏவினாலும், நஞ்சின் கேட்டோடு ஒப்பிட இது சிறிது என்று மட்டும் சொல்வேன். குற்றத்தில் பெரிது சிறிது உண்டு என்பது உரைநூல்களுக்கும் உடன்பாடே.

அம்மையார் கூறிய மற்றொன்றும் உண்மை. குளவியின் செயல் இரக்கமற்றது. வரப்பு ஒரு நந்தவனமன்று; அங்கே ஒன்றை ஒன்று தின்கிறது. பகவான் உலகைத் துக்கம் என்று கண்டதில் இதுவும் அடங்கும். அதனை நாம் படைக்கவில்லை, தடுக்கவும் இயலாது. நம் கையில் இருப்பது, அதன்மேல் நாமும் ஒரு பேரழிவைக் கொட்டுகிறோமா இல்லையா என்பதே. பிக்குவின் எட்டு உடைமைகளில் நீர் வடிக்கும் துணியும் ஒன்று. அத்துணியால் உலகத்துச் சிற்றுயிரெல்லாம் பிழைத்து விடுவதில்லை. ஆயினும் குடிக்குமுன் ஒரு கணம் நின்று, இதில் உயிர் உண்டா என்று பார்க்க அது பழக்குகிறது. நாற்பது ஆண்டாய்த் துணியோடு வாழ்ந்தவன் ஆகையால் இந்த உடைமைமேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. வரப்பைப் பார்த்துக் குந்தியிருந்த பகலில் எனக்கு அத்துணியின் நினைவே வந்தது.

இத்தனையும் எழுதியபின் ஒன்றை மறைக்க மனம் ஒப்பவில்லை. நம்மவரில் பெரும்பாலோர்க்கு வரப்பே இல்லை. குத்தகைக்கு உழுபவன் வரப்பை அகலமாக விட்டால் நிலக்காரர் கேட்பார். கூலிக்குப் போகிறவனிடம் தெளிப்பானைக் கொடுத்து "அடி" என்றால் அவன் என்ன செய்வான்? மறுத்தால் மறுநாள் வேலை இல்லை. அவனுடைய சீலம் என்னவாகிறது? ஏவியவன் ஏவுதலாகிய குற்றத்தை உடையவன், அது தெளிவு. அடித்தவன் குற்றமே இல்லாதவன் என்று நான் சொல்ல நூல் இடந்தரவில்லை. ஆனால் வயிற்றுக்காக அடித்தவனையும் வசதிக்காக ஏவியவனையும் ஒரே சொல்லால் அழைக்கவும் எனக்கு நா எழவில்லை. கையுறையும் முகமூடியும் கேள், காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதே, பல மருந்தைக் கலந்து கொடுத்தால் மறு என்று அத்தகையோரிடம் சொல்கிறேன். இது தம்மோபதேசமா, தொழிற்சங்கப் பேச்சா என்று சிலர் கேட்கின்றனர். தன் உயிரும் உயிர்தான் என்று அவனுக்கு நினைவூட்டுவது தம்மம் இல்லையென்றால், வேறு எதுவோ!

அந்த உபாசகர் ஆடியில் மூன்று வரப்புகளில் எள்ளும் காராமணியும் விதைத்தார். கிழக்கு ஓரத்தில் ஆமணக்கு நட்டார், ஒரு பாத்திக் கொத்துமல்லியைப் பறிக்காமல் பூக்கவிட்டார், சாமந்தியும் வைத்தார். முன்பு வாரந்தோறும் தெளித்தவர் இம்முறை மூன்று தடவை தெளித்திருக்கிறார். மூன்றையும் கூட்டத்தில் தாமே எழுந்து சொன்னார். தக்காளி நன்றாகவே காய்த்தது, விலைதான் விழுந்துவிட்டது. சாமந்தி விற்றுச் சிறிது தேறியதாம்.

சென்ற வாரம் அவர் மீண்டும் ஒரு கேள்வியோடு வந்தார். ஆமணக்கு இலையில் வெட்டுப்புழு கூட்டமாய் முட்டையிட்டிருக்கிறது. அவ்விலைகளைக் கிள்ளி மூங்கில் கூண்டில் இட்டால், முட்டைக்குள் குளவி இருந்தால் அது இடுக்கு வழியே பறந்துவிடும். புழுவாய்ப் பொரித்தவை உள்ளேயே கிடந்து பசியால் சாகும் என்று வேளாண்மை அலுவலர் சொன்னாராம். "கூண்டு வைக்கலாமா, ஐயா?" என்று கேட்டார். குளவியைக் காப்பது நன்று. புழுவைப் பட்டினியிட்டுக் கொல்வது நன்றென்று சொல்ல இயலவில்லை. கூண்டுக்குள் தினம் நாலு ஆமணக்கு இலையைப் போட்டால் என்ன என்று கேட்டேன். "போடலாம். வளர்ந்தபின் எங்கே விடுவது?" என்றார். இருவரும் சிரித்தோம். கூண்டைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போகிறேன்.